பெரிய, கனமான சரக்கை லாரியிலும் கப்பலிலும் வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி?

ஒரு மின்மாற்றியையோ கொதிகலனையோ சுரங்க இயந்திரத்தையோ கடல் தாண்டி அனுப்ப வேண்டியவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கப்பல் வாடகை எவ்வளவு என்பதைத்தான். கேள்வி நியாயமானதே, ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. இந்தப் பயணத்தில் கப்பல் மிக நீளமான பகுதியே தவிர, மிகக் குறுகலான பகுதி அன்று. முந்நூறு டன் பொருளைக் கடலில் சுமக்கக் கப்பல்கள் தாராளமாக இருக்கின்றன. அதே பொருள் இறங்குதுறையிலிருந்து ஆலை வாசலுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பழைய பாலம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்றால், கடல்வழிச் செலவில் மிச்சப்படுத்திய பணம் எதற்கும் உதவாது. ஆகவே திட்டத்தை முடிவிலிருந்து தொடங்க வேண்டும். பொருள் இறுதியில் உட்காரப்போகும் அடித்தளம், அங்கே கிரேன் நிற்க இடம், ஆலைக்குள் நுழையும் வாசலின் அகலம், அதற்கு முந்தைய சாலை, இறங்கும் துறைமுகம், பிறகு கப்பல், ஏற்றும் துறைமுகம், கடைசியாக உற்பத்தியாளரின் கூடம் என்று பின்னோக்கி நடந்து பார்க்கும்போது எந்த இடம் மிகக் குறுகல் என்பது தெரிந்துவிடும். மற்ற எல்லாவற்றையும் அந்த இடமே தீர்மானிக்கும்.

அளவும் எடையும்

இந்த வேலையில் எல்லாக் கணக்கும் ஒரே தாளில் இருந்துதான் பிறக்கிறது. அது போக்குவரத்து வரைபடம். பொறியாளர்கள் தரும் பொது வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது இயந்திரம் வேலை செய்யும் நிலையைக் காட்டுவது. அனுப்பும் நிலையில் சில பாகங்கள் கழற்றப்பட்டிருக்கும், சட்டமும் மரப்பெட்டியும் சேர்ந்திருக்கும், தூக்குவளையங்களும் குழாய் முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் உள்ள நீளம், அகலம், உயரம், மொத்த எடை, ஈர்ப்பு மையம், தூக்கும் புள்ளிகள், கட்டும் புள்ளிகள், அடியில் பாரம் இறங்கும் இடங்கள் ஆகிய அனைத்தும் ஒரே வரைபடத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாய் முனைக்காகச் சாலை அனுமதியே வேறு வகைக்கு மாறிவிடக்கூடும். அதைக் கழற்றித் தனிப்பெட்டியில் போட முடியுமா என்று உற்பத்தியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

எடையை மதிப்பிடக் கூடாது, எடை போட வேண்டும். 2015 ஜனவரியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹோக் ஒசாகா என்ற வாகனக் கப்பல், துறையை விட்டு வெளியேறிய சிறிது நேரத்திலேயே ஒரு திருப்பத்தில் பெரிதாகச் சாய்ந்து மணல்திட்டில் தரைதட்டியது. கப்பலுக்குப் போதிய நிலைத்தன்மை இல்லாமல் புறப்பட்டதும், ஏற்றிய சரக்கின் எடை உண்மையான எடையாக இல்லாமல் மதிப்பீடாக இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. கன்டெய்னர்களைப் பொறுத்தவரை, நிரப்பப்பட்ட ஒவ்வொரு கன்டெய்னரின் சரிபார்க்கப்பட்ட மொத்த எடையையும் அனுப்புநர் அறிவிக்க வேண்டும் என்ற, கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கன்டெய்னரில் அடங்காத தனிச் சரக்குக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், கிரேன் ஓட்டுநரும் கப்பலின் முதன்மை அதிகாரியும் நம்பிக் கணக்குப் போடுவது நீங்கள் எழுதித் தரும் எண்ணைத்தான் என்பதை மறக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கிகளின் கீழ் பாரத்தை அளக்கும் எடைச் செல் வைத்துத் தூக்கினால் மொத்த எடையோடு ஈர்ப்பு மையம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த மையத்தைப் பொருளின் பக்கங்களில் அழியாத வண்ணத்தில் குறித்துவையுங்கள். அது பெட்டிக்குள் மறைந்துபோனால் பெட்டியின் மேலும் குறிக்க வேண்டும்.

எந்த வழியில் ஏற்றுவது

நாற்பது அடி ஹைக்யூப் கன்டெய்னரின் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர், கதவின் உயரம் சுமார் 2.58 மீட்டர். இதற்குள் அடங்கும் பொருளைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. உயரம் மட்டும் மிஞ்சினால், மேற்கூரைக்குப் பதிலாகத் தார்ப்பாய் போட்ட ஓப்பன் டாப் கன்டெய்னர் போதும், மேலிருந்து இறக்கிவிடலாம். அகலமும் மிஞ்சினால், பக்கச்சுவர் இல்லாத ஃப்ளாட் ராக் தேவை. நாற்பது அடி ஃப்ளாட் ராக் ஏறக்குறைய 40 டன் சுமக்கும், சில வகைகள் அதற்கு மேலும் சுமக்கும். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் நடுவில் ஓரிரண்டு மீட்டரில் குவிந்தால் தாங்காது என்பதால், நீளவாட்டில் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அகலம் பக்கத்து இடத்திற்குள் நீண்டால், கப்பலில் அந்த வெற்றிடத்திற்கும் சேர்த்து வாடகை கேட்பார்கள். நியாயமான வழக்கம்தான், ஆனால் முதல் விலைப்புள்ளியிலேயே அது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சக்கரத்திலோ சங்கிலித்தடத்திலோ தானே நகரும் இயந்திரங்களுக்கு ரோ-ரோ கப்பல் பெரும்பாலும் சிறந்த வழி. தூக்குவதே இல்லை, ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்குகிறார்கள்; ஆபத்து மிகுந்த கட்டம் ஒன்று குறைகிறது. நகராத பொருளையும் தாழ்வான உருள் டிரெய்லரில் கட்டி இழுவை வண்டியால் உள்ளே கொண்டுபோகலாம். சாய்தளம் எத்தனை டன் தாங்கும், உள்தளத்தின் உயரம் எவ்வளவு, சாய்தளம் திரும்பும் இடத்தில் நீளமான பொருள் தட்டாமல் போகுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டால், அந்தக் கப்பல் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்பது முடிவாகிவிடும்.

இவை எதிலும் அடங்காததை, சொந்தக் கிரேன்கள் கொண்ட பிரேக் பல்க் கப்பலில், அதாவது கன்டெய்னரில் அடங்காத தனிச் சரக்கை ஏற்றும் கப்பலில், அல்லது கனரகத் தூக்குக் கப்பலில்தான் ஏற்ற வேண்டும். இரண்டு கிரேன்களைச் சேர்த்து ஆயிரம் டன்னுக்கு மேல் தூக்கக்கூடிய கப்பல்கள் உலகில் ஓடுகின்றன. அதையும் தாண்டிய பொருள்களுக்குத் தன்னைத்தானே நீரில் தாழ்த்திக்கொள்ளும் அரைமூழ்கிக் கப்பல்கள் உண்டு. 2000ஆம் ஆண்டு குண்டுத் தாக்குதலில் சேதமடைந்த யூ.எஸ்.எஸ். கோல் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலையே புளூ மார்லின் என்ற அத்தகைய கப்பல்தான் முதுகில் சுமந்து தாயகம் சேர்த்தது.

பொருளைப் பிரித்து அனுப்பலாமா என்ற யோசனையும் இந்தக் கட்டத்தில்தான் வர வேண்டும். பிரித்தால் ஏற்றுமதிச் செலவு குறையும்; அங்கே மீண்டும் பொருத்துவதற்கான ஆட்கள், சோதனை, உத்தரவாதப் பொறுப்பு ஆகியவை கூடும். எண்ணெய் அழுத்தத்திலோ துல்லிய அச்சுப் பொருத்தத்திலோ இயங்கும் இயந்திரத்தைப் பிரிக்காமல் அனுப்பவே நான் பரிந்துரைப்பேன். வெறும் எஃகுச் சட்டங்களைப் பிரிக்கத் தயங்க வேண்டியதில்லை. பாகங்களைத் தனித்தனியாக, வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினால் சுங்கத்தில் அவை முழு இயந்திரமாகக் கருதப்படுமா, உதிரி பாகங்களாகக் கருதப்படுமா என்பது வரி விகிதத்தை மாற்றக்கூடும் என்பதால், பிரிக்கும் முன்பே சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாலைப் பயணம்

சிக்கல்கள் அதிகம் எழுவது சாலையில்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சிறப்பு அனுமதி இல்லாமல் போகக்கூடிய வண்டியின் அகலம் 2.55 மீட்டர், உயரம் 4 மீட்டர், மொத்த எடை 40 டன். மற்ற நாடுகளில் எண்கள் மாறுமே தவிர, முறை ஒன்றே: வரம்பைத் தாண்டியதும் அனுமதி, இன்னும் தாண்டினால் துணை வண்டி, அதற்கும் மேல் காவல்துறைப் பாதுகாப்பும் குறிப்பிட்ட நேரக் கட்டுப்பாடும். இரு நாடுகளிலும் இந்த அனுமதிகளுக்கு வாரக்கணக்கில் காலம் பிடிக்கும். கப்பல் வரும் தேதியை உறுதிசெய்துவிட்டு அனுமதிக்கு விண்ணப்பிப்பது வேலையைத் தலைகீழாகச் செய்வதாகும்.

டிரெய்லரின் தேர்வு உயரத்தில் தொடங்குகிறது. 3.1 மீட்டர் உயரமான இயந்திரத்தைச் சுமார் 1.5 மீட்டர் உயரமுள்ள சாதாரணத் தட்டு டிரெய்லரில் வைத்தால் மொத்தம் 4.6 மீட்டர், 0.9 மீட்டர் உயரமுள்ள லோ பெட் டிரெய்லரில் வைத்தால் சரியாக 4 மீட்டர். ஒரு டிரெய்லரை மாற்றியதில் உயரத்திற்கான அனுமதியும், வழியில் மின்கம்பி தூக்கும் வேலையும் இல்லாமல் போகக்கூடும். எடை கூடும்போது கேள்வி வேறாகிறது. பாலத்தைப் பொறுத்தவரை மொத்த எடை மட்டுமன்று, அது எத்தனை அச்சுகளில், எவ்வளவு இடைவெளியில் இறங்குகிறது என்பதும் முக்கியம். இதற்காகவே ஹைட்ராலிக் அச்சு வரிசைகளைத் தேவைக்கேற்பக் கோத்து நீட்டும் டிரெய்லர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அச்சுக்கும் எண்ணெய் அழுத்தம் சமமாகப் பகிரப்படுவதால் மேடுபள்ளத்திலும் பாரம் ஒரே சக்கரத்தில் குவிவதில்லை. ஆலைக்குள்ளும் துறைமுகத்துக்குள்ளும் தானே நகரும் பல்சக்கர மேடைகளைப் பயன்படுத்துகிறார்கள். மனிதர் நடக்கும் வேகத்தில் நகர்ந்தாலும், நின்ற இடத்திலேயே திரும்பவும் தன் தளத்தை உயர்த்திப் பொருளைத் தானே எடுத்துக்கொள்ளவும் முடிவது அவற்றின் பெரிய பலம்.

வழியாய்வு செய்யாமல் எந்த அளவு மீறிய சரக்கும் சாலையேறக் கூடாது. வரைபடத்தில் பார்ப்பது ஆய்வு ஆகாது. ஆள் நேரில் போய், உயர அளவுகோலை வண்டியில் நிறுத்தி, ஒவ்வொரு மேம்பாலத்தையும் கம்பியையும் அறிவிப்புப் பலகையையும் அளக்க வேண்டும். சாலையை மீண்டும் தார் போட்டு உயர்த்தியிருந்தால், பாலத்தின் மேல் எழுதியிருக்கும் உயரம் இப்போது பொய்யாகியிருக்கும். மின்கம்பியைத் தொடாமல் போவது போதாது, பாதுகாப்பு இடைவெளி வேண்டும். தேவைப்பட்டால் மின்வாரியமே வந்து மின்சாரத்தை நிறுத்தித் தர வேண்டும், யாரும் கழியால் கம்பியைத் தூக்கிவிடக் கூடாது. வளைவுகளில் வண்டியின் உட்பக்கம் எவ்வளவு வெட்டிக்கொண்டு போகும், பின்புறம் எவ்வளவு வெளியே வீசும் என்பதைக் கணினியில் வரைந்து பார்க்கலாம். ஆய்வுக்கும் பயணத்துக்கும் இடையே நாள் நீண்டுவிட்டால் மீண்டும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நடுவில் யாரோ சாலையின் குறுக்கே ஒரு புதிய தோரண வளைவைக் கட்டியிருப்பார்கள்.

டிரெய்லரில் கட்டும்போது, திடீர் பிரேக்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சரக்கை அடுக்கிக் கட்டுவதற்கான சர்வதேச நெறிமுறைகள், சாலையில் முன்புறமாகப் பொருளின் எடையில் 0.8 மடங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்புறமாகவும் 0.5 மடங்கையும் தாங்கும்படி கட்டச் சொல்கின்றன. அடியில் ரப்பர் பாய் விரித்தால் உராய்வு கூடி, கட்டுகளின் வேலை குறையும். செலவு குறைவு, பயன் அதிகம் என்பதால் இதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.

துறைமுகத்தில் தூக்குதல்

துறைமுகத்தை முடிவு செய்யுமுன் கப்பல்துறையின் தரை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை டன் தாங்கும், அங்கு கரைக் கிரேன் உண்டா அல்லது கப்பலின் கிரேனையே நம்ப வேண்டுமா, டிரெய்லர் கொக்கியின் கீழ் நேரே வந்து நிற்க முடியுமா என்று கேளுங்கள். டிரெய்லரிலிருந்து நேரடியாகக் கப்பலுக்குத் தூக்குவதே மேல். நடுவில் தரையில் இறக்கி வைத்தால் இன்னொரு தூக்கு, இன்னொரு ஆபத்து, கூடவே கிடங்கு வாடகை. ஆனால் கப்பல் தாமதமானால் கனரக டிரெய்லர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும் என்பதால், இடைக்காலமாக இறக்கி வைக்கத் தாங்குமேடைகளும் இடமும் முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்.

தூக்குவதில் அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது ஸ்லிங் எனப்படும் தூக்குக் கயிற்றின் கோணம். நூறு டன் பொருளை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்கும்போது, ஸ்லிங் கிடைமட்டத்திலிருந்து 60 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் சுமார் 58 டன் இழுவை ஏறும். அதே ஸ்லிங் 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு நூறு டன் ஏறும். கூடவே உள்நோக்கி அழுத்தும் விசை பொருளின் தூக்குவளையங்களை வளைக்கும். ஸ்பிரெடர் பீம் எனப்படும் பரப்புக் கம்பத்தை மேலே வைத்து, கீழ்க்கால்களைச் செங்குத்தாக இறக்குவது இதற்காகத்தான். ஈர்ப்பு மையம் நடுவில் இல்லாத பொருளுக்கு ஸ்லிங்குகள் வெவ்வேறு நீளத்தில் வேண்டும். முதலில் தரையிலிருந்து ஒரு கையகலம் மட்டும் தூக்கி, நிறுத்தி, சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே எடுக்க வேண்டும். சாய்ந்தால் இறக்கிச் சரிசெய்வதற்கு அந்த ஒரு நிமிடம்தான் வாய்ப்பு. காற்று எவ்வளவு வீசினால் வேலையை நிறுத்த வேண்டும், நிறுத்தும் அதிகாரம் யாருடையது என்பதைத் தூக்குத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

கப்பலில் கட்டுதல்

கப்பல்தளம் எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் ஒரு புள்ளியில் குவியும் பாரத்தைத் தாங்காது. நூறு டன் இயந்திரம் கால் சதுர மீட்டர் அளவுள்ள நான்கு கால்களில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலடியில் சதுர மீட்டருக்கு நூறு டன் அழுத்தம். தளத்தின் அனுமதி சதுர மீட்டருக்கு ஐந்து டன் என்றால், அந்தப் பாரம் குறைந்தது இருபது சதுர மீட்டரில் பரவ வேண்டும். மரக்கட்டைகள் ஓரளவுக்குத்தான் பரப்பும். இத்தகைய பாரத்துக்கு எஃகு உத்தரங்களை, தளத்தின் அடியில் உள்ள வலுவூட்டுகள் மேல் பொருந்தும்படி வைக்க வேண்டும். கப்பலின் வரைபடம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது.

எஃகின் மேல் எஃகு நேரடியாக உட்காரக் கூடாது. அந்த உராய்வுக் கெழு வெறும் 0.1, இடையில் மரமோ ரப்பரோ இருந்தால் 0.3. கடலில் பக்கவாட்டு விசை சாலையை விடப் பெரிதாகலாம். அலை உயரம் 8 மீட்டர் வரை போகும் கடலில் எடையின் 0.5 மடங்கும், 12 மீட்டரைத் தாண்டும் கடலில் 0.8 மடங்கும் கணக்கில் கொள்கிறார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பின் சரக்குக் கட்டு நெறிமுறையில் ஓர் எளிய விதி உண்டு: ஒரு பக்கத்தில் உள்ள கட்டுகளின் அனுமதிக்கப்பட்ட பாரங்களைக் கூட்டினால் அது பொருளின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும், மறுபக்கத்திலும் அப்படியே. சங்கிலி, ஷேக்கிள் எனப்படும் இணைப்பு வளையம், தளவளையம் ஆகியவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் அவை அறுபடும் வலிமையில் பாதிதான். தளத்தோடு 60 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கும் கட்டுகள் கவிழ்வதைத் தடுக்கலாம், நழுவுவதைத் தடுக்க மாட்டா. இந்த விதியில் அவற்றை எண்ணக் கூடாது. உயரமான, மேல்பாரம் மிகுந்த பொருளுக்கு இந்த எளிய விதியோடு நின்றுவிடாமல் முழுக் கணக்கையும் போடச் சொல்லுங்கள். தளத்தில் தடுப்புக்கட்டைகளைப் பற்றவைக்கும்போது பொறி பறந்து உறைகள் தீப்பிடிக்காதபடி ஆள் நிற்க வேண்டும். கடலில் முதல் நாள் ஆட்டத்திலேயே கட்டுகள் தளரும் என்பதால், மீண்டும் இறுக்கும்படி கப்பலிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்மாற்றிக்குத் தனிக் கவனம் வேண்டும். பெரிய மின்மாற்றிகளைப் பெரும்பாலும் எண்ணெய் வடித்து, உலர்காற்றோ நைட்ரஜனோ நிரப்பி, உள்ளே சற்றே மிகை அழுத்தத்தில் அனுப்புகிறார்கள். அந்த அழுத்தமானியைப் பயணம் முழுவதும் குறித்துவர வேண்டும். அழுத்தம் விழுந்தால் ஈரம் நுழைந்திருக்கலாம். அதோடு மூன்று திசை அதிர்வுகளையும் நேரத்தோடு பதியும் அதிர்வுப் பதிவி பொருத்த வேண்டும்.

காப்பீடும் ஆவணங்களும்

சரக்கு சேதமானால் கப்பல் நிறுவனம் முழு விலையையும் தரும் என்று நினைப்பவர்கள் அதிகம். கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச ஹேக்-விஸ்பி விதிகளின்படி அதன் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 சிறப்பு எடுப்புரிமை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 சிறப்பு எடுப்புரிமை, இவற்றில் எது அதிகமோ அதோடு முடிகிறது. 40,000 கிலோ இயந்திரத்துக்கு 80,000 சிறப்பு எடுப்புரிமை. துல்லிய இயந்திரத்தின் விலையில் இது சிறு பங்காகவே இருக்கும். மேல்தளத்தில் ஏற்றப்படுவதாக, கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கிலேயே எழுதப்பட்டு, அப்படியே ஏற்றப்பட்ட சரக்குக்கு இந்த விதிகளே பொருந்தா. எனவே தனிக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். மேல்தளச் சரக்கு என்பதைக் காப்பீட்டாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொதியும் கட்டும் போதாமையால் வரும் சேதத்தைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்பதில்லை. ஏற்றும்போது சரக்கைப் பரிசோதிக்கும் சுயேச்சையான சர்வேயர் ஒருவரை நிறுத்திப் படத்தோடு அறிக்கை வாங்குவது, அந்த வாதத்தை முன்கூட்டியே அடைத்துவிடும். கப்பல் ஆபத்தில் சிக்கி எல்லோரையும் காக்கச் செலவு நேர்ந்தால், சேதமே அடையாத சரக்கின் உரிமையாளரும் பொதுச் சராசரி என்ற பெயரில் பங்கு கட்ட வேண்டும். காப்பீடு இல்லாதவர் அதற்கு ஈடு கட்டாமல் சரக்கை மீட்க முடியாது.

பெட்டிக்கும் அடிக்கட்டைக்கும் பயன்படும் மரம், ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேச விதிப்படி உள்மையம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ முத்திரை பெற்றிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் துறைமுகத்தில் கிடைத்த முத்திரையில்லாத மரத்தை ஆப்பு வைத்ததற்காகச் சரக்கு முழுவதும் நிறுத்தப்படலாம். பயன்படுத்திய மண் வேலை இயந்திரமானால், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகள் சங்கிலித்தடத்தின் இடுக்கில் ஒட்டிய மண்ணையும் விதையையும்கூட ஏற்பதில்லை. ஏற்றுமுன் உயர் அழுத்த நீரில் கழுவி, காயவைத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்க்க வேண்டும். பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், காப்பீடு, சாலை அனுமதி ஆகிய நான்கிலும் எடையும் அளவும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

சென்று சேர்ந்ததும்

இறக்குமுன் கப்பலிலேயே சரக்கைப் படமெடுங்கள். அறுந்த சங்கிலி, நகர்ந்த கட்டை, கிழிந்த உறை எல்லாம் அந்த இடத்தில்தான் சான்று. துறைக்கு வந்தபின் அவை இருக்காது. வெளியே தெரியும் சேதத்தைப் பெறும்போதே எழுத்தில் குறிக்க வேண்டும், தெரியாத சேதத்துக்கு ஹேக்-விஸ்பி விதிகளின்படி மூன்று நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், வழக்குக்கான காலவரம்பு ஓராண்டு. அதிர்வுப் பதிவியைத் தனியாகத் திறக்காதீர்கள். உற்பத்தியாளர், சாலைப் போக்குவரத்து நிறுவனம், காப்பீட்டுச் சர்வேயர் ஆகியோர் முன்னிலையில் திறந்து, பதிவைப் பிரதி எடுத்து எல்லோரிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே பொருளை அடித்தளத்தின் மேல் இறக்கச் சொல்லுங்கள்.